மச்சான் குத்திய ஊக்கு

அத்தியாயம் 17

பொழுது விடிந்ததும் ஃபின்லே மெக்ரே சமையலறைக் குழாயடியில் நின்று, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

நாலு வருஷம் அந்தப் பாக்கியம் அவருக்கு இல்லை. இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டதில் வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தார். தண்ணீரை மனைவி ஷோனா அளந்து கொடுப்பாள். வாழைப்பழம் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது. மகள் ரோனாவின் கல்யாணத்தைப் பார்ப்போமா என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. வீட்டில் எல்லோர் மனத்திலும் அந்தக் கேள்வி மட்டும் உட்கார்ந்திருந்தது.

போன குளிர்காலத்தில் ஷோனாவின் தம்பி டூகல் கிளாஸ்கோ ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலில் ஏறிப் படுத்தான். தன்னுடைய ஒரு சிறுநீரகத்தை அக்காள் கணவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அதற்கு ஃபின்லே இன்றுவரை ஒரு நன்றி சொல்லவில்லை.

மனம் இல்லாமல் இல்லை. அவர் தொண்டையைச் செருமினாலே டூகல் உஷாராகி விடுவான். எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து, லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பி விடுவான். மாலேக் துறைமுகத்திலிருந்து தெற்கே மீன் ஏற்றிக்கொண்டு போகிற லாரி. அவனுடைய வேகம் அப்படி.

இன்று ரோனாவுக்குக் கல்யாணம். இன்று அவனைத் தப்பிக்க விடுவதில்லை என்று ஃபின்லே தீர்மானித்திருந்தார்.

"தம்பி! இன்னும் கட்டி முடிக்கலையா?"

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் அவருடைய அக்காள் யூனா. துறைமுகத்தில் படகுச் சீட்டுக் கொடுத்துக் கொடுத்தே ஊரை மிரட்டி வைத்திருந்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். மிரட்டலிலிருந்து ஓய்வு பெறவில்லை.

ஃபின்லே கில்ட்டை, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுற்று வருகிற அந்த ஸ்காட்லாந்துக் கம்பளிப் பாவாடையை, கட்டி முடித்திருந்தார். வலது அடிவயிற்றில், புதுச் சிறுநீரகம் இருக்கிற இடத்தில் அழுத்தாதபடி, ஷோனா இடுப்பு வாரின் கொக்கியை நகர்த்தித் தைத்துக் கொடுத்திருந்தாள். அவருடைய தந்தை தன் கில்ட்டில் குத்திய வெள்ளி ஊக்கு மேசை மேல் இருந்தது. துடுப்பு வடிவம், ஒரு சாண்கூட இராது.

யூனா அதைக் கையில் எடுத்தாள். "நில்லு, நான் குத்தறேன். நீ குத்தினாக் கோணலாப் போகும். வலது ஓரம், கீழேயிருந்து ஒரு கை அகலம். மேல்சுத்துல மட்டும். உள்சுத்துல பட்டுச்சோ, கில்ட்டு விறைச்சுக்கிட்டுக் கோணி மாதிரி நிக்கும்."

"தெரியும்க்கா. நாப்பது வருஷமா இதையேதான் சொல்றே."

"நாப்பது வருஷமா அது மாறல."

அவள் குனிந்து குத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஃபின்லே சொன்னார்: "இதை இன்னைக்கு டூகலுக்குக் கொடுக்கப் போறேன்."

யூனா நிமிர்ந்தாள். "எதை?"

"ஊக்கை."

"மெக்ரே வீட்டு ஊக்கு. அப்பா போட்டது. அதைத் தெக்கேயிருந்து வந்த பெய்ஸ்லி ஊர்க்காரனுக்கா? அவனுக்குக் கில்ட்டுன்னா முன்னாலயா பின்னாலயான்னே தெரியாது. இன்னைக்குக் கூடக் கால்சட்டையிலதான் வருவேன்னு அடம் பிடிச்சானாமே?"

அடுத்த அறைக் கதவு கொஞ்சம் திறந்தது. தலை முழுக்கப் பூவும் கிளிப்புமாக ரோனா எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, மெக்ரே உடம்புக்குள்ள என் மாமாவோட கிட்னி குடித்தனம் பண்ணுது. மெக்ரே ஊக்கு என் மாமா மேல இருந்தா என்ன குறைஞ்சிடும்?"

"கல்யாணப் பொண்ணு வாயைக் குறை. உதட்டுச் சாயம் அழியும்."

"அப்புறம் இன்னொண்ணு. தாய்மாமன் கால்சட்டையில வந்தா நான் சர்ச்சுக்கே வரமாட்டேன்னு நேத்து போன்ல சொல்லிட்டேன். கில்ட்டுலதான் வருவார், பாருங்க."

கதவு சாத்திக்கொண்டது. யூனா தம்பியின் மார்பில் இல்லாத தூசியைத் தட்டினாள். கோபம் வந்தால் அவள் செய்கிற காரியம் அது.

*

டூகல் கில்ட்டில்தான் வந்தான்.

வாசலில் இறங்கியவனைப் பார்த்து ஷோனா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பத்து வயது இளைய தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அவள் இடுப்பில் வளர்ந்தவன். "மெதுவாக்கா, சட்டை கசங்குது," என்று அவன் அவள் கைகளைப் பிடித்து விலக்கினான். ஷோனாவின் கவனம் அதற்குள் கார்ப் பக்கம் திரும்பிவிட்டது, பூங்கொத்துகள் வந்திருந்தன.

யூனாவின் கண் நேரே அவன் கில்ட்டுக்குப் போயிற்று. போனது அங்கேயே நின்றது.

"அடக் கடவுளே. ரெண்டு சுத்தையும் சேத்துக் குத்தியிருக்கான். அதுவும் என்ன ஊக்கு அது? குதிரைக் கம்பளத்துக்குப் போடறதா?"

அது சாதாரண எஃகு ஊக்கு, ஆணித் தடிமன். கீழ் ஓரத்தில் அழகுக்கு இருக்க வேண்டியது, இடுப்புக்குச் சற்றுக் கீழே இரண்டு சுற்றையும் கவ்விக்கொண்டு இருந்தது.

"டேய் பெய்ஸ்லி! அது கில்ட்டுடா. மீன் மூட்டை இல்ல, வாயைத் தைக்கறதுக்கு. ஊக்கு போடாம வந்திருந்தாக்கூட மரியாதை. பாதிப் பேர் போடறதே இல்ல."

வாசலில் கூடியிருந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள். டூகல் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தான்.

"காத்து பலமா இருக்கு யூனாக்கா. சர்ச் வாசல்ல கில்ட்டு தூக்கிக்கிச்சுன்னா? போதகர் வயசானவர். அதிர்ச்சி தாங்க மாட்டார்."

ஃபின்லே அவன் முழங்கையைப் பிடித்து, கோட்டுகள் மாட்டுகிற நடைக்குள் இழுத்துப் போனார். தன் கில்ட்டிலிருந்து வெள்ளி ஊக்கைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உனக்கு."

டூகல் பார்த்தான். "அத்தான், இது உங்க அப்பாவோடது."

"அதனாலதான் கொடுக்கறேன்."

"ஒரு கிட்னிக்கு ஒரு ஊக்கா? வெளியில சொல்லாதீங்க, உங்களைத்தான் சிரிப்பாங்க."

"பதிலுக்குக் கொடுக்கலடா."

"பின்னே எதுக்கு?"

ஃபின்லேயின் வாய் திறந்தது. இத்தனை மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. கோட்டுகளின் ஈர வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

டூகல் ஊக்கை அவர் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினான். "பொண்ணைப் பெத்தவர் ஊக்கில்லாம நின்னா உங்க அக்கா என்னைத்தான் கடலுக்குள்ள தள்ளுவாங்க. போட்டுக்கோங்க. மணியாச்சு."

போய்விட்டான். மறுபடியும் தப்பித்துவிட்டான். ஆனால் அவன் நடந்து போனபோது ஃபின்லே ஒன்றைக் கவனித்தார். டூகல் எட்டி வைத்து நடப்பவன். இன்று அடியளந்து நடந்தான். இரண்டு சுற்றையும் சேர்த்துக் குத்தினால் அப்படித்தான் நடக்க வரும் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

*

சர்ச்சில் ஃபின்லே மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போனார்.

"அப்பா, மெதுவா. ஓடாதீங்க."

"ஓடறேனா?"

"ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி."

வேகத்தைக் குறைத்தார். இருபுறமும் ஊரார் முகங்கள். போன வருஷம் அவரைப் பார்க்க வந்து, கட்டிலருகே என்ன பேசுவதென்று தெரியாமல் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் இன்று பல் தெரியச் சிரித்தன. முன் வரிசையில் ஷோனா. அவளுக்குப் பக்கத்தில் டூகல், நிமிர்ந்து, உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு மெல்ல அமர்ந்தான்.

மாப்பிள்ளை கிரேமின் கையில் மகளின் கையை வைத்தபோது ஃபின்லேயின் கண்கள் நிறைந்தன. தன் கை இந்த நேரத்தில் இங்கே இருப்பது தன்னால் இல்லை என்று அவருக்குத் தெரியும். மந்திரம் போல ஒரே பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நின்றார். அது கடவுளின் பெயர் இல்லை.

சடங்கு முடிந்து வெளியே வந்தால், கடற்காற்று பேய் பிடித்த மாதிரி அடித்தது. சர்ச் படிகளில் எல்லோரையும் நிறுத்திப் படமெடுப்பவர் கத்தினார்: "மாமா சார், நீங்க முன்படியில உக்காருங்க! பொண்ணோட காலடியில!"

டூகல் தயங்கினான். ரோனா மேலிருந்து, "உக்காருங்க மாமா," என்றாள். உட்கார்ந்தான்.

எஃகு ஊக்கு படக்கென்று திறந்து, படிகளில் துள்ளித் துள்ளி விழுந்து, சாலைக்கு ஓடியது.

கில்ட் இடுப்பிலிருந்து தளர்ந்து சரிந்தது. காற்று அதைப் பறிக்கப் பார்த்தது. "திரை விழுந்திடுச்சு! நாடகம் முடிஞ்சிடுச்சு!" என்று யாரோ கூவ, படிகள் முழுக்கச் சிரிப்பு. யூனாவும் சிரித்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

முதலில் நிறுத்தியவளும் அவள்தான்.

பதறி எழுந்த டூகலின் ஒரு கை கில்ட்டைப் பற்றியிருந்தது. இன்னொரு கை துணிக்குப் போகவில்லை. இடது இடுப்புக்கு மேலே, விலா முடிகிற இடத்துக்குக் கீழே, அழுத்திப் பிடித்திருந்தது. அவன் உதடு சிரித்தது. முகத்தில் இரத்தமே இல்லை. சட்டைக்கு அடியில் கில்ட்டின் வார்கள் தெரிந்தன. எந்தக் கொக்கியிலும் மாட்டாமல் சும்மா தொங்கின.

யூனா படியிறங்கினாள்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க," என்றாள். "கடல் அந்தப் பக்கம் இருக்கு, அதைப் பாருங்க. படம் பிடிக்கறவரே, நீங்களும்தான்!"

சீட்டுக் கொடுத்த குரல். படி முழுக்கத் திரும்பியது. ஷோனா ரோனாவின் நீள உடையைக் காற்றிலிருந்து காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தாள். ஃபின்லே மட்டும் திரும்பவில்லை.

யூனா டூகலின் முன்னால் மண்டியிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"சீட்டில்லாமப் படகுல ஏற வர்றவன் மூஞ்சி எனக்குத் தெரியும்டா. பொய் சொல்லாதே."

"கொஞ்சம்."

"வாரை இறுக்க முடியல. அதான் ஊக்கால இழுத்துப் பிடிச்சிருக்கே."

"அத்தானுக்குத் தெரிய வேண்டாம்," என்றான்.

இரண்டு படி மேலே நின்றிருந்த ஃபின்லேக்கு அது தெளிவாகக் கேட்டது. காலையில் பார்த்த அளந்த நடை, உட்காராமல் நின்றது, அக்காளின் அணைப்பிலிருந்து விலகியது எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. தனக்கு ஷோனா கொக்கியை நகர்த்தித் தைத்துக் கொடுத்தாள். இவனுக்கு யார் தைத்துக் கொடுப்பார்கள்? யாரிடமும் சொல்லாமல், கடையில் கிடந்த கம்பள ஊக்கை வாங்கிக் குத்திக்கொண்டு வந்திருக்கிறான். மருமகள் கேட்டாள் என்பதற்காக.

யூனா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள்.

"தம்பி. ஊக்கு."

ஃபின்லே கழற்றிக் கொடுத்தார்.

அவள் மேல்சுற்றை இழுத்தாள், உள்சுற்றை இழுத்தாள். வயிற்றில் அழுத்தாமல், இடுப்பெலும்பில் நிற்கிற மாதிரி துணியை மெல்ல இறக்கி, இரண்டையும் சேர்த்து வெள்ளி ஊக்கைக் குத்தினாள். சரியான இடத்திலிருந்து இரண்டு சாண் உயரத்தில். விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிடித்திருந்தது.

"இது முறை இல்லையே யூனாக்கா," என்றான் டூகல்.

"இல்லதான். யாராவது கேட்டா நான்தான் குத்தினேன்னு சொல்லு. கேக்கறாங்களான்னு பாக்கலாம்." எழுந்தாள். "என் கையைப் பிடிச்சுக்கோ. உனக்காக இல்ல. எனக்கு முழங்கால் வலி."

படமெடுப்பவர் மறுபடி கத்தினார். அந்தப் படத்தில் ஃபின்லே மெக்ரே முதல் தடவையாக ஊக்கில்லாமல் நின்றார். காற்று அவருடைய மேல்சுற்றைக் கொடி போலத் தூக்கி அடித்தது. அவர் அதைப் பிடிக்கக்கூட முயலவில்லை.

*

ஊர் மண்டபத்தில் விருந்து. மான் இறைச்சி, கேரட், வெண்ணெய் உருகி வழியும் புது உருளைக்கிழங்கு. ஃபின்லே தன் தட்டைத் தூக்கிக்கொண்டு, மூலை மேசையில் தனியாக இருந்த டூகலுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

டூகல் எழப் பார்த்தான்.

"உக்காரு. இன்னைக்கு உன்னால வேகமா ஓட முடியாது. எனக்குத் தெரியும்."

டூகல் உட்கார்ந்தான்.

ஃபின்லே ஒரு உருளைக்கிழங்கை முள்கரண்டியில் குத்தித் தூக்கிக் காட்டினார். "காலையில கேட்டியே, எதுக்குன்னு. இதுக்கு."

"உருளைக்கிழங்குக்கா?"

"நாலு வருஷம் இதைப் பாத்துக்கிட்டே இருந்தேன் டூகி. பக்கத்துத் தட்டுல. அப்புறம் தண்ணி. காலையில எழுந்து ஒரு டம்ளர் குடிக்கறேன். தினமும். குடிக்கறப்ப உன் பேரைச் சொல்றேன். ஷோனாவுக்குக் கூடத் தெரியாது. அப்புறம், அதோ..." ரோனா கிரேமின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "அவ கையைப் பிடிச்சு நடந்தேனே. அதுக்கு. நன்றிடா மச்சான்."

வந்துவிட்டது. இவ்வளவுதான். இத்தனை மாதம் தொண்டையில் கிடந்தது இந்தச் சின்ன வார்த்தைதான்.

"உருளைக்கிழங்கு சாப்பிடறப்பல்லாம் என் மூஞ்சி ஞாபகம் வருதா? பாவம் அத்தான் நீங்க," என்று தொடங்கிய டூகல், முடிக்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தான், விரித்தான்.

"ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் ஒரு நர்ஸ் வந்து என் காதுகிட்ட, 'வேலை செய்யுது'ன்னு சொன்னா அத்தான். உங்களுக்குள்ள வேலை செய்யுதுன்னு. பள்ளிக்கூடம், கல்யாணம், நான் கைவெச்ச எதுவும் அதுக்கு முன்னாடி வேலை செஞ்சதில்ல. இது செஞ்சுது. அன்னைக்கு நான் எவ்வளவு அழுதேன்னு உங்களுக்குத் தெரியாது. நன்றி நான்தான் சொல்லணும். அதனாலதான் உங்களைச் சொல்ல விடல. நீங்க சொல்லிட்டா நான் சொல்ல வேண்டி வரும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கு சாப்பிட்டார்கள். நல்ல உருளைக்கிழங்கு.

"எவ்வளவு நாளா வலிக்குது?" என்றார் ஃபின்லே.

"ஆரம்பத்துல இருந்தே. நடுவுல குறைஞ்சுது. அப்புறம் கிளச்சை மிதிச்சா கத்தி வெச்ச மாதிரி." டூகல் குரலைத் தாழ்த்தினான். "லாரியை விட்டுட்டேன். வசந்தம் வந்ததுலேருந்து ஓட்டல."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போகலையே. போனா அக்காவுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு டம்ளர் தண்ணியையும் அழுதுக்கிட்டே குடிப்பீங்க. அதுக்கா கொடுத்தேன்?"

"திங்கக்கிழமை கிளாஸ்கோவுக்குப் போறோம். நான் கூட வர்றேன்."

"வர்றேன். ஆனா அக்காகிட்ட சொல்லாதீங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

ஃபின்லே முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். நாலு வருஷம் தன் படுக்கையருகே தூங்காமல் கிடந்தவளிடம் எதை மறைப்பது? உயிர் கொடுத்தவன் கேட்பதை எப்படி மறுப்பது?

மேடையில் வயலினும் அக்கார்டியனும் எழுந்தன. ஷோனா கன்னம் சிவக்க, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் மூலையில என்ன ரகசியம்? டேய் டூகி, எழுந்திரு. என் பொண்ணு கல்யாணத்துல என் தம்பி ஆடாம யார் ஆடறது?"

"கால் வலிக்குதுக்கா."

"எனக்கும்தான். வா."

அவன் ஃபின்லேயை ஒரு பார்வை பார்த்தான். எழுந்தான். அக்காளும் தம்பியும் நடுக்கூடத்துக்குப் போனார்கள். துடுப்பு வடிவ ஊக்கு விளக்கொளியில் மின்னியது. "அவன் ஊக்கு போட்டிருக்கற இடத்தைப் பாத்தியா?" என்று யாரோ முணுமுணுக்க, "நான்தான் குத்தினேன்," என்றாள் யூனா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

ஜோடிகள் வரிசையில் நின்றன. பாட்டு வேகம் பிடித்தது. ஷோனா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தபடி, சின்ன வயசில் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரியே, தம்பியின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு இறுக்கி அணைத்தாள்.

டூகலின் உடம்பு ஒரு கணம் வளைந்து நிமிர்ந்தது.

ஷோனாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் இடது விலாவுக்குக் கீழிருந்து அவள் கையை எடுக்கவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, விரல்களால் அங்கே தடவிப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேலாக, மூலை மேசையில் எழுந்து நின்றுவிட்ட கணவனைப் பார்த்தாள்.

சுற்றிலும் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் கால்கள் மட்டும் நின்றுவிட்டன.